தாயம் விழாத எட்டு வயதுக்காரி

மதினியின் கட்டிலுக்குக் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். தலை தாழ்ந்து, கால் உயர்ந்து படுத்திருக்க வேண்டும், பாத்ரூமுக்குத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாலாம் மாதத்தில் ஆரம்பித்த படுக்கை அது. அதற்கு முன் இரண்டு தடவை எங்கள் வீடு குழந்தையை எதிர்பார்த்து ஏமாந்திருந்தது. முதல் தடவை நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்; அந்தச் சமயம் என்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். ‘தவறிப்போச்சு’ என்ற ஒரு சொல்லோடு வீடு வாயை மூடிக்கொண்டது. எப்போது தவறியது, எப்படித் தவறியது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தானாகச் சொல்ல யாரும் முன்வரவும் இல்லை.

இப்போது நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். தி. நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை, பின்தெரு மாடியில் வீடு. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கடையே கதி. அம்மாவுக்கு அடுப்படியும் சாமி அறையும். மதினியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பார்த்துக்கொள்வது என்றால் முக்கால்வாசி பயப்படுவதுதான். அவள் இருமினால் எங்கிருந்தாலும் ஓடி வருவேன். பேசாமல் கிடந்தால் ஏதோ வலி என்று பயம், பேசினால் களைத்துப் போவாளோ என்று பயம். “நீ என்னைப் பாத்துக்கிடுத லெச்சணத்துக்கு, நாந்தான் எந்திரிச்சு உன்னைப் பாத்துக்கிடணும் போல இருக்கு” என்பாள் மதினி.

அந்த நேரத்தில்தான் என் சித்தி மகன் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். கிண்டியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். ஹாஸ்டலில் யாருக்கோ அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் வந்திருந்ததாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் மனசுக்குள் ஒரு நாட்டைக் கட்டி வைப்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கற்பனை ஆளை உண்டாக்கிக்கொண்டு அந்த நாட்டுக்குள் நுழைவார்கள். ‘நான் மலை ஏறுகிறேன்’ என்று ஒருவன் சொன்னால், அவன் ஏறினானா உருண்டானா என்பதைப் பகடை சொல்லும். புத்தகத்தை இவன் கையில் கொடுக்கவில்லை, எட்டிப் பார்க்க மட்டும் விட்டிருக்கிறார்கள். மற்ற விதிகளையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம் என்றான். எனக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது: படுத்துக்கொண்டே விளையாடலாம்.

நாட்டை நான் கட்டினேன். கிழக்கே கடல். கடலில் சேரும் வாயைக் கோடையில் மணல் அடைத்துக்கொள்கிற ஒரு ஆறு, அடையாறு மாதிரியே. ஆற்றின் வாய் அடைத்திருக்கும் மாதங்களில் உப்பங்கழியிலிருந்து பூதங்கள் ஊருக்குள் வரும். வாயைத் திறந்துவிட யாராவது போக வேண்டும். வாரம் முழுக்க இதையே யோசித்துக்கொண்டு இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன். பூதத்தை நினைக்கும்போது மதினியின் வயிற்றை நினைக்காமல் இருக்க முடிந்தது, அது போதும் எனக்கு.

அந்தப் புத்தகத்தில் சொல்லியிருந்த பல பக்கப் பகடைகளுக்குப் பாண்டி பஜாரில் எங்கே போவது? அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டோம். தாயக்கட்டையை எடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒன்று வரும். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. ஆகவே நாங்கள் உண்டாக்கும் ஆளும் தாயம் விழுந்தால்தான் பிறப்பான், அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பலம், புத்தி, அதிர்ஷ்டம் எல்லாம் உருட்ட வேண்டும் என்று ஆயிற்று. யாரும் உட்கார்ந்து செய்த விதி இல்லை அது. கட்டையைக் கையில் எடுத்த யாருக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

ஆட்களை உண்டாக்கிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாந்தோமிலிருந்து என் சிநேகிதியும் வந்திருந்தாள். பரம்பரையாக அங்கே மாதா கோயிலைச் சுற்றி வாழும் கிறிஸ்தவக் குடும்பம், கான்வெண்டில் டீச்சர். அன்றைக்குக் காலை ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கும் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு, அதே பட்டுப்புடவையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். “குழந்தைக்கு எத்தனை நாள் ஆச்சு?” என்று மதினி கேட்டாள்.

“அது ஆச்சு அண்ணி, நாப்பது நாளு. ஆனா நாளெல்லாம் கணக்கில்ல. பொழைக்காதுன்னு தெரிஞ்சா நர்ஸே தண்ணி ஊத்திப் பேர் வெச்சிரலாம். ஒரு நிமிஷம் இருந்தாலும் பேர் இல்லாம அனுப்ப மாட்டோம்.”

நான் அவளை முறைத்தேன். பிள்ளைத்தாய்ச்சி முன்னால் பேசுகிற பேச்சா? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதினி மட்டும், “பேரு இல்லாம அனுப்ப மாட்டீங்களோ” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு கட்டை உருட்ட ஒரு தாம்பாளத்தைக் கட்டில்மேல் வைக்கச் சொன்னாள்.

ஆட்களை எழுதிக்கொள்ளக் கடையிலிருந்து சேலை மடிப்பில் வைக்கும் அட்டைகளைக் கொண்டுவந்திருந்தேன். சிநேகிதிக்கு எடுத்த எடுப்பில் தாயம். அலைக்குப் பயப்படாத ஒரு மீன்காரி பிறந்தாள். சித்தி மகனுக்குக் கொஞ்ச நேரத்தில் விழுந்தது. அவனுடைய வீரனுக்குப் பலம் பன்னிரண்டு, புத்தி இரண்டு. “இன்னா ஒரு பொருத்தம்” என்றாள் சிநேகிதி. மதினி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிக்கலாமா, குலுங்கலாமா என்று எனக்கு உடனே பயம்.

மதினி முறை வந்தது. உருட்டுவதற்கு முன்பே, “எழுதிக்கோ. பொம்பளப் புள்ள. வயசு எட்டு” என்றாள்.

“எட்டு வயசுப் பிள்ளை பூதத்தை என்ன மதினி செய்யும்?” என்றான் சித்தி மகன்.

“ஓடுவா. நல்லா ஓடுவா. யாரு கூப்பிட்டாலும் நிக்க மாட்டா.” அப்புறம் அவள் ஒரு பேரைச் சொன்னாள். அழகான பேர். அதை இங்கே எழுத மாட்டேன், அது மதினிக்குச் சொந்தம்.

அவள் அதைச் சொன்ன விதத்தில் என் கை நின்றுவிட்டது. புதிதாக யோசித்துச் சொன்ன பேர் மாதிரி இல்லை, ரொம்ப நாள் வாய்க்குள் வைத்திருந்த பேர். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத்தான் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் தெற்கத்திப் பக்கத்தில் பிறக்கும் முன் பேர் வைக்க மாட்டார்கள். பேர் என்ன, ஒரு துணி எடுத்து வைக்க மாட்டார்கள். கடை நிறையத் துணி வைத்துக்கொண்டு, வரப்போகிற பிள்ளைக்கு ஒரு முழம் ஒதுக்காத வீடு எங்களுடையது. இவள் இப்படிப் பட்டென்று சொல்லிவிட்டாளே, அம்மா காதில் விழுந்ததோ என்று அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

மதினி உருட்டினாள். மூன்று. மறுபடி உருட்டினாள். நான்கு. ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஐந்து விழுந்தது, ஆறு விழுந்தது, தாயம் மட்டும் விழவில்லை. பித்தளை தாம்பாளத்தில் விழும் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

“இன்னாத்துக்கு அண்ணி இந்த ரூல்ஸு? தாயம் இல்லாமயே ஆரம்பிக்கலாம், ஒண்ணும் குடி முழுகிடாது” என்றாள் சிநேகிதி.

“இல்ல. விழட்டும்” என்றாள் மதினி.

விழவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். “வெளக்கு வைக்கிற நேரத்துல என்னட்டி கட்டைச் சத்தம்? எடுத்து வையுங்க.”

அந்த வாரம் நான் பட்டபாட்டைச் சொல்லி முடியாது. தாயம் விழுந்தால்தான் பிறப்பு என்று நாங்களே சொன்னோம். பேரும் வைத்தாயிற்று, தாயம் விழவில்லை. இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை. அர்த்தம் ஒன்றும் இல்லை, பித்தளைக்கு என்ன தெரியும் என்று பகலில் சொல்லிக்கொள்வேன். டாக்டரம்மா ஊசி போட வரும் நாளில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் புருவத்தைச் சுருக்கினால், போச்சு, எல்லாம் போச்சு. ஒரு மத்தியானம் மதினி தூங்கும்போது கட்டைகளை எடுத்து அடுப்படித் தரையில் நானே உருட்டினேன். இரண்டாவது தடவையே தாயம். வந்த கோபத்தில் அவற்றை அரிசி டிரம்முக்குப் பின்னால் வீசினேன். கேட்காத எனக்கு எதற்கு அது?

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் வந்ததும் மதினி கட்டையைக் கேட்டாள். காணோம் என்றேன். “தேடு” என்றாள். அதில் கோபம் இல்லை, ஆனால் மறுக்க முடியாத ஒரு பிடிவாதம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

மறுபடி அதே கதை. இரண்டு, ஆறு, மூன்று. மதினி உதட்டைக் கடித்துக்கொண்டு உருட்டினாள். அவள் தலையைத் தூக்கிக்கொண்டு உருட்ட ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “விடுங்க மதினி. இது வெறும் விளையாட்டு. வேற ஆளைச் செஞ்சுக்கலாம். பேரை மாத்துங்க, வயசை மாத்துங்க, எல்லாத்தையும் மாத்துங்க” என்று கத்திவிட்டேன்.

“வயசை எப்படி மாத்துவேன்?” என்றாள் மதினி. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது. “வார ஆவணிக்கு அவளுக்கு எட்டுதான முடியுது?”

எனக்குப் புரியவில்லை. வாசலில் அம்மா நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். என் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள், கையில் கரண்டி. அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மதினியின் கையிலிருந்து கட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

“போதும் தாயி, உருட்டாத” என்றாள். “அவளுக்கு எதுக்குத் தாயம்? அவ பொறந்தவதான. நாந்தான கையில வாங்குனேன். காலையில பொறந்து, பொழுது சாயுத மட்டும் எம் மடியிலதான கெடந்தா.”

எட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது. பேர் வைக்கும் நாள் வரை உயிரோடு இல்லாததால் பேர் இல்லாமலே போன ஒரு பிள்ளை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்காக நான் பயந்துகொண்டிருந்தேன். மதினி உருட்டிக்கொண்டிருந்தது மூத்தவளுக்காக.

“பேரு என்ன சொன்ன?” என்று அம்மா கேட்டாள். மதினி சொன்னாள். அம்மா அதை ஒரு தடவை தன் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என்னிடம், “அடுத்து என்னட்டி உருட்டணும்?” என்றாள். பலம் என்றேன். அம்மாவே உருட்டினாள். தாயம்.

“பெரியம்மா, பலம் ஒண்ணுதான்” என்றான் சித்தி மகன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“இருக்கட்டும்” என்றாள் மதினி, அழுகையும் சிரிப்புமாக. “ஓடத்தான போறா.”

அந்த எட்டு வயதுக்காரிதான் மழைக்காலம் வரும்வரை எங்கள் ஆற்றங்கரையெல்லாம் ஓடினாள். பூதத்தைத் தண்ணீர் காட்டி ஏமாற்றினாள். வீரனுக்குப் புத்தி சொன்னாள். என் பயம் அதனால் தீர்ந்துவிடவில்லை, செங்கல்லை எடுக்கிற நாள் வரைக்கும் கூடவே இருந்தது. ஐப்பசியில், தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு காலையில், மதினிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். மத்தியானம் உள்ளே பையன் அழுத சத்தம் கேட்டது. நல்ல கனத்த தொண்டை.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் பேனாவோடு வந்து, “இதுக்கு முன்னாடி குழந்தை உண்டா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது.

“உண்டு” என்றாள் அம்மா. “மூத்தவ பொம்பளப் புள்ள.” நர்ஸ் கேட்காமலே பேரையும் சொன்னாள்.