அழாத அம்மாவும் பின்சீட்டுக்காரரும்

போன ஞாயிறு மேட்னி ஷோவுக்கு மெஹருடன் போயிருந்தேன்.

மெஹர் இரும்புலியூர்க்காரி. ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் போகும் யோகா வகுப்பில் பழக்கம். அவள் கணவர் வார்டு கவுன்சிலர். போன வருஷம் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு.

படத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். கணவனைப் பறிகொடுத்த ஒரு அரசியல்வாதியின் மனைவியைப் பற்றிய வாழ்க்கை வரலாற்றுப் படம். எனக்குத் திக்கென்றது.

“இந்தப் படமா மெஹர்? வேற ஏதாவது பார்க்கலாமே…”

“அக்கா, ஒரு வருஷமா எல்லாரும் காமெடிப் படம் காட்டியே என்னைக் கொல்றாங்க. பேசாம வாங்க!”

போனோம்.

படத்தில் பிணம் நடுவீட்டில் கிடக்கிறது. அடுத்த தலைவர் யார் என்று பக்கத்து அறையில் பேரம் நடக்கிறது. அந்த அம்மாவோ ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைச் சாத்துகிறாள். வந்தவர்களுக்குச் சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

எங்களுக்குப் பின்சீட்டில் ஒருவர், மனைவியோடு. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“இப்ப அழுவா பாரு…” என்றார். அழவில்லை. “சரி, இப்ப…” அப்போதும் அழவில்லை. பாப்கார்ன் மெல்லும் சத்தம் ஒரு பக்கம், இந்த நேர்முக வர்ணனை ஒரு பக்கம். நான் திரும்பித் திரும்பி முறைத்தேன். முறைப்பெல்லாம் இந்தக் காலத்தில் யாருக்கு உறைக்கிறது?

இடைவேளையில் விளக்குப் போட்டதும் தீர்ப்பே சொல்லிவிட்டார். “புருஷன் செத்த பொம்பள இப்படியா இருப்பா? ஒரு ஃபீலிங் வேணாம்?”

மெஹர் நிதானமாகத் திரும்பினாள். “வேற எப்படி சார் இருப்பாங்க?”

“இல்லம்மா… ரியலா இல்லன்னு சொல்ல வந்தேன்.”

“என் வீட்டுக்காரர் மௌத்தானப்ப நானும் அழல சார்.”

மனிதர் பாப்கார்னைக் கீழே வைத்தார். அவர் மனைவிதான் மெதுவாகக் கேட்டார். “ஏம்மா?”

மெஹர் சொன்னாள். என்னிடம்கூட இதுவரை சொல்லாத கதை.

“அவர் கவுன்சிலர். காலைல போயிட்டாரு. அஸர் தொழுகைக்குள்ள, சாயங்காலமே அடக்கம் பண்ணணும்னு எனக்கு. கட்சிக்காரங்க விடல. ‘தலைவர் வந்துகினே கீறாரு, இன்னாம்மா அவசரம்? நாளைக்கு ஜிஎஸ்டி ரோட்டுல ஊர்வலமா எடுத்துகினு போலாம்’னு சொல்லிட்டாங்க. வாசல்ல மைக் கட்டியாச்சு. வேன்ல பூ சுத்தியாச்சு. என் கொழுந்தனுங்க பயந்து தலையக் குனிஞ்சுட்டாங்க. நான் வாசப்படியில போய் நின்னேன். ‘என்னைத் தாண்டி ஒருத்தரும் அவரைத் தொடக்கூடாது, மொதல்ல மைக்கைக் கழட்டுங்க’ன்னேன்.”

“கழட்டுனாங்களா?” என்று கேட்டார் பின்சீட்டுக்காரரின் மனைவி.

“கழட்டுனாங்க. அஸருக்குள்ள அடக்கம் ஆச்சு. ஆனா அங்க நான் அழுதிருந்தேன்னு வைங்க… ‘பாவம், உள்ள கூட்டிட்டுப் போங்க’ன்னு ரெண்டு பேர் என் கையப் புடிச்சு ரூம்ல உட்கார வெச்சிருப்பாங்க. அவரு ஊர்வலம் போயிருப்பாரு.”

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். “மறுநாளே தெருவுல பேச்சு, அக்கா. கல்நெஞ்சுக்காரியாம். கட்சியில சீட் கேக்கத்தான் கெத்தா நின்னேனாம்!”

அவள் எந்த சீட்டும் கேட்கவில்லை. வீடு தேடி வந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி செத்து ஒரு ஆண் அழாமல் நின்றால், ‘திடமான மனுஷன்’ என்று தோளைத் தட்டுகிறோம். பெண் நின்றால் மட்டும் ஏன் கண்ணைக் குனிந்து பார்க்கிறோம் – ஈரம் இருக்கிறதா என்று? எழவு வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறோமா, சோதனை போடப் போகிறோமா?

இடைவேளை முடிந்தது. பின்சீட்டில் சத்தமே இல்லை. கடைசியில் திரையில் அந்த அம்மா யாருமில்லாத சமையலறையில் உட்கார்ந்து உடைந்து அழுதபோது, பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனைவி இல்லை… அவர்தான்! மெஹர் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. நானும் விடவில்லை.

அடடா, மனிதர் திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்ததும் ஓடி வந்தார்.

“சாரிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு டவுட்… அப்ப நீங்க எப்பத்தான் அழுதீங்க?”

மெஹர் அவரை நேராகப் பார்த்தாள்.

“அது டிக்கெட் வாங்கினவங்களுக்குக் காட்டற சீன் இல்ல சார்.”

தலையை ஆட்டிக்கொண்டே லிஃப்ட்டுக்குள் போனார். கதவு மூடுவதற்குள் மனைவியிடம் அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது:

“பாத்தியா… கோபம் மட்டும் வருது. அழுகை வரல பாரு!”