தென்னை மூட்டில் ஊற்றிய கடல்

சுகிர்தபாய்க்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பஸ்ஸுக்குக் காத்து நின்றால் அங்கேயே முன்னும் பின்னும் நடப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டால் காலை ஆட்டி ஆட்டிப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தலைசுற்றல் வரவைப்பாள். அப்படிப்பட்டவள் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள் என்றால் சொந்த ஊரான பாறசாலையில் யாரும் நம்பவில்லை. பி.எஸ்ஸி. படித்த மிஷன் வீட்டுப் பெண், டீச்சர் வேலைக்கும் போகாமல், கல்யாணப் பேச்சுக்கும் பிடிகொடுக்காமல், வாராவாரம் பூவாருக்குப் போய்க் கடல் தண்ணீரைக் குப்பியில் கொண்டுவருகிறாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"நாடே கலங்கிக் கெடக்கு, இவ கடத்தண்ணி கோரிட்டு நடக்கா" என்றாள் பக்கத்து வீட்டுச் சரோஜம், வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்படியாகவே.

நாடு கலங்கித்தான் கிடந்தது. அது ஐம்பத்து நாலாம் வருடம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்தது. சுகிர்தபாயின் அண்ணன் ஜெயதாஸ் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். தங்கை செய்யும் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஒனக்க புரொபசர் மலையாளியாக்கும். அவனுக்கு நீ தண்ணி கோருத" என்றான் ஒரு நாள்.

"கடலுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஒனக்கு ரெண்டும் நல்லாத் தெரியும். எதுக்கு எனக்க கிட்ட சண்டைக்கு வாற?" என்றாள் அவள்.

அவள் தேடியது தண்ணீரை அல்ல, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளை. கண்ணுக்குத் தெரியாத செடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பல, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழ்பவை. மீனுக்குத் தீனி கடைசியில் அதுதான். கோடையில் பூவார்க் கடல் வெதுவெதுப்பாக, தெளிந்து, சத்தில்லாமல் கிடக்கும். அப்போது ஒரு துளியில் எத்தனையோ வகைகள் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஆள் குறைவு. இருக்கிற கொஞ்சத்தை வைத்து ஆளுக்கொரு விதமாகப் பிழைத்துக்கொள்ளும். தென்மேற்கு மழை வந்ததும் எல்லாம் தலைகீழாகும். அடியில் கிடந்த குளிர்ந்த நீர் சத்தோடு கரைப்பக்கம் மேலேறி வரும். அதே மழையில் நெய்யாறு பெருகி, முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு செந்நீராகக் கடலில் பாயும். இதை அங்கே பொழி முறிவது என்பார்கள். தீனி கூடியதும் வேகமாகப் பெருகத் தெரிந்த இரண்டொரு வகை கடலையே பிடித்துக்கொள்ளும். மாலை மாலையாகக் கோர்த்த சங்கிலிப்பாசிதான் எங்கும் இருக்கும். மற்றவை இருந்த இடம் தெரியாது.

இவ்வளவும் முன்பே தெரிந்ததுதான். ஆனால் சங்கிலிப்பாசி முதலில் தலைதூக்குவது எப்போது? பொழி முறிவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் காரணம் குளிர்ந்த நீர். பின்பு என்றால் ஆறு. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் வாரம் தவறாமல் ஓடினாள். செப்டம்பரோடு அவளுக்கான உதவித்தொகை முடிகிறது. இந்த மழையில் தவறவிட்டால் இன்னொரு மழைக்குக் காத்திருக்க வழியில்லை.

பூவாரில் பத்ரோஸ் என்ற மீன்பிடிக்காரர்தான் அவளுடைய பட்டுத்துணி வலையைக் கட்டுமரத்தின் பின்னால் கட்டி இழுத்துக் கொடுப்பவர். ஜூலையில் ஒரு காலை கரையேறியவர் கையை உதறிக்கொண்டே வந்தார்.

"வெள்ளம் நல்லாத் தணுத்துப் போச்சு பிள்ளே. கை வெறைக்கி. மீனு மேல வரும் பாத்துக்கோ" என்றார்.

சுகிர்தபாய் தண்ணீரின் குளிரை அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவையும் அளந்தாள். அன்றைக்குப் பொழி இன்னும் அடைந்தே கிடந்தது. மூடின பொழி, குளிர்ந்த கடல். அவளுக்கு வேண்டிய விடை அந்தக் குப்பிக்குள் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குப்பிக்கு வெளியே மையால் எழுதி ஒட்டினால் ஈரத்தில் அழிந்துபோகும். அதனால் ஒரு காகிதத் துண்டில் பென்சிலால் தேதியை எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். பிறகு பாசி அழுகாமல் இருக்க மூக்கைத் துளைக்கும் ஃபார்மலினை ஊற்றி மூடுவார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். சாதாரண நாளென்றால் பூவாரிலிருந்து நேரே திருவனந்தபுரம் போய்விடுவாள். இப்போது பஸ் ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. அதனால் கோடைக் கடைசியிலிருந்தே குப்பிகள் வீட்டில் அவளுடைய கட்டிலுக்கடியில் சேர்ந்தன. பூவாருக்கு மட்டும் வயல் வரப்பும் ஊடுவழியுமாக நடந்தே போய்வந்தாள். அதற்குள் பொழியும் முறிந்து, கடல் செம்மண் நிறமாகிவிட்டது.

ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆட்கள் செத்தார்கள். அன்று கிளம்பிய ஜெயதாஸ் வீட்டுக்குத் திரும்பவில்லை. குன்னத்துகால் பக்கம் ஒளிந்திருக்கிறான் என்றார்கள். போலீஸ் வீடு வீடாக ஏறுகிறது, ஆம்பிளைகள் இருந்தால் அடி, குப்பியைக் கண்டால் ஆசிட் என்று சொல்லி வழக்கு என்று பேச்சு பரவியது. இத்தனைக்கும் நடுவில் சுகிர்தபாய் ஒரு காலை வலையைச் சுருட்டிக்கொண்டு பூவாருக்கு நடந்தாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

மதியம் திரும்பி வந்தவள் வேலியைப் பார்த்து நின்றுவிட்டாள். அவளுடைய குப்பிகள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவப்பட்டு, வேலிக் கம்புகளில் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு உடைந்து கீழே கிடந்தன. அம்மா சத்தியபாய் முற்றத்தில் விளக்குமாறோடு நின்றாள்.

"போலீசு வந்துட்டுப் போச்சு மக்கா. ஊறுகா போடுத குப்பியாக்கும்ணு சொன்னேன். மோந்து பாத்தானுவ. ரெண்ட ஒடச்சானுவ. போனானுவ."

"உள்ள இருந்தது எங்க?"

"தெங்குக்கு ஊத்துனேன்."

சுகிர்தபாய் கத்தினாள். சரோஜம் வேலிக்கு ஓடிவந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். ஒரு வருட ஓட்டம், ஒரு வருட ஏச்சுப்பேச்சு, எல்லாம் தென்னை மூட்டில், அடிமண்ணில். சத்தியபாய் உடைந்த கண்ணாடியைக் கூட்டி ஒதுக்கினாள். கூட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ வேணுமுண்ணா நாளைக்கும் தண்ணி கோரலாம். அவனையும் ஒன்னையும் போலீசு கொண்டுபோனா நான் எந்தக் கடல்ல போய்க் கோர?"

நாளைக்குக் கோரும் தண்ணீர் இந்தத் தண்ணீர் அல்ல என்று எப்படிச் சொல்வது? குப்பிகள் நிறைந்திருந்தால் இந்நேரம் சுகிர்தபாயைத் தேடிப் போலீஸ் பூவாருக்கே போயிருக்கும். கோபப்படவும் வழியில்லாத கோபம், அதுதான் கொடுமை. முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தாள்.

நடந்தவள் சட்டென்று நின்றாள். "எந்தத் தெங்குக்கு ஊத்துனே?"

"எல்லாத்துக்குந்தான்" என்றாள் சத்தியபாய், இதென்ன கேள்வி என்பதுபோல. மீன் கழுவின தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவது அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். இதுவும் கடலில் இருந்து வந்து நாறுகிற தண்ணீர்தானே? போலீஸ் ஊருக்குள் நுழைந்த அந்த அவசரத்திலும், ஒரு தென்னைக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு குப்பி.

சுகிர்தபாய் பக்கத்துத் தென்னையின் மூட்டில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பாசி செத்தாலும் கண்ணாடி ஓடு மண்ணில் மட்காது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மூட்டில் தனித்தனியாக இருக்கிறது! காகிதத் துண்டுகளைத் தேடினாள். இங்கிலீஷ் எழுத்து ஆபத்து என்று அம்மா அவற்றைப் பொறுக்கி அடுப்பில் போட்டிருந்தாள். பரவாயில்லை என்று மழைக்கு முன்னால் மேல்மண்ணைச் சுரண்டினாள். மரத்துக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து வைத்தாள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் சிரட்டைக்குக் கொஞ்சமாக மண்ணைப் பொட்டலம் கட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அமிலத்தில் கொதிக்கவைத்துப் பார்த்தாள். கண்ணாடி ஓடுகள் இருந்தன! பின்புறத்துத் தென்னையில் கோடையின் பலவகைக் கூட்டம். வாசல் தென்னையில் சங்கிலிப்பாசியைத் தவிர எதுவுமே இல்லை. ஆனால் சங்கிலிப்பாசி அப்போதுதான் தலைதூக்கிய வாரம் எது? கிணற்றடித் தென்னை அப்படி இருந்தது. வேலியோரத் தென்னையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவை பொழி முறிவதற்கு முன்னால் எடுத்தவையா, பின்னால் எடுத்தவையா என்று மண் சொல்லவில்லை. தனக்குத் தோன்றியபடி அவளே வரிசைப்படுத்திவிடலாம், கேட்க ஆளில்லை. அப்படிச் செய்தால் அவள் நினைத்ததுதான் விடையாக வரும், கடல் சொன்னது வராது. குப்பிகளை அவள் சுவர்ப்பக்கமிருந்து வாரவரிசையாக வைத்திருந்தாள். எடுத்தவளைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு ஓடிவந்தாள். ஜெயதாஸ் இன்னும் வந்து சேரவில்லை. சத்தியபாய் அடுக்களையில் இருந்தாள்.

"அம்ம, கெணத்தடித் தெங்குக்கு எந்தக் குப்பி? நல்லா ஓர்ம வச்சுச் சொல்லு."

"மொத குப்பி. சுவரு பக்கத்துல இருந்து எடுத்தது."

"அப்பம் வேலியோரத்துக்கு?"

"அது... வாசலு பக்கத்துல உள்ளது." சுகிர்தபாயின் முகம் மாறியது. அதைப் பார்த்ததும் சத்தியபாய் அவசரமாகத் திருத்தினாள்: "இல்ல, இல்ல. அதுவும் சுவரு பக்கந்தான். ரெண்டாமத்தது."

சொல்லிவிட்டு மறுபடியும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தபாய்க்கு விளங்கிவிட்டது.

"அம்ம, தெரியாதுண்ணா தெரியாதுண்ணு சொல்லு."

சத்தியபாயின் கண் நிறைந்தது. "தெரியாது மக்கா. கைக்கு வந்தத எடுத்துட்டு ஓடுனேன். ஒனக்கு எது வேணுமோ அதச் சொல்லிக் குடுக்கலாமுண்ணு பாத்தேன்."

சுகிர்தபாய் அலமாரியில் மரத்தின் பெயர் எழுதி வைத்திருந்த சிரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இனி யாரும் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்த முடியாதபடி எல்லா மண்ணையும் ஒரே வாளியில் கொட்டினாள்.