உப்பளத்து மாலை வாசிப்பு

ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு முந்தின வருசம் நாங்கள் ஆனையிறவு உப்பளத்துக் குவாட்டர்சில் இருந்தோம். என் கணவர் அங்கே கிளாக்கராக வேலை செய்தார். அந்த வருசத் தொடக்கத்தில், மாரி முடியும்போதுதான் எங்கள் முதல் பிள்ளை பிறந்து சில நாளிலேயே போய்விட்டது. ஊரில் அம்மாவோடு கொஞ்சக்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வந்தபிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டுவேன். உலையை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போய் உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிள்ளையைப் பற்றி அவர் கதைப்பதில்லை. கதைத்தால் நான் உடைந்துபோவேன் என்று பயந்திருப்பார். நானும் கதைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். புருசன் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிற்றர். அந்தப் பெண் தெற்கே மாத்தறைப் பக்கத்தவள், என்னைவிட இரண்டொரு வயது இளையவள். எங்கள் பாசையில் தங்கச்சி என்கிறதை அவர்கள் நங்கி என்பார்கள். அப்படியே கூப்பிடச் சொன்னாள். என்னை அக்கா என்றாள். கேட்டுப் பழகிய தமிழ் கொஞ்சம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. ஒருநாள் பின்னேரம் உள்ளங்கை அளவான ஒரு தமிழ்ப் புத்தகத்தோடு வந்தாள். பக்கத்துக்கு ஒன்றாகப் புத்தர் போதித்தவற்றைச் சிறு சிறு பகுதிகளாக அச்சிட்டிருந்தார்கள். அவளுடைய புருசன் கொழும்பில் வாங்கிக் கொடுத்ததாம். அதில் உள்ளதெல்லாம் பன்சாலை என்கிற புத்த கோயிலில் கேட்டு அவளுக்கு முன்பே தெரியும். பொருள் தெரிந்திருந்தால் எழுத்துக் கெதியாகப் பிடிபடும் என்று நினைத்திருக்கிறாள். நான்தான் எழுத்துக் கூட்டக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

பின்னேரங்களில் குசினி வாசலில் இரண்டு பேரும் இருப்போம். ஒரு பக்கத்துக்கு மேல் அவளால் முடியாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போவாள். அவள் ஒரு சொல்லை முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அந்தக் காத்திருப்பில் சோளகக் காற்றின் சத்தம் காதில் விழத் தொடங்கியது. என் மூச்சும் அவளுடைய விரலோடு மெதுவாகப் போனது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எழும்பி ஓடவேண்டும் என்ற நினைப்பு வரவில்லை. அதை நான் கவனித்தது பல நாள் கழித்துத்தான்.

ஒருநாள் வந்த பக்கத்தில் ‘இழப்பு’ என்ற சொல் இருந்தது. அவள் ‘இலப்பு’ என்றாள். நாக்கை எப்படி மடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். திரும்பவும் இலப்பு. “என்னைப் பார், இழப்பு” என்று நான் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. பிள்ளை போனபிறகு என் வாயால் அப்படி ஒரு சொல்லைச் சொன்னதே இல்லை. திடீரென்று கண்ணீர் வந்துவிட்டது.

அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

“அக்கா, நாளைக்குப் படிக்கலாம்.”

“வேண்டாம் நங்கி. இந்தப் பக்கத்தை முடிப்பம்.”

அழுதுகொண்டே கேட்டேன். அவள் நிறுத்தாமல் கடைசி வரிவரைக்கும் எழுத்துக் கூட்டினாள். அன்றிரவு சாப்பிடும்போது பிள்ளையின் முகம் யாரைப்போல இருந்தது என்று கணவரிடம் கேட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, “உம்மைப் போலத்தான்” என்றார். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த வருசம் கலவரம் வந்தது. தெற்கிலிருந்து எங்கள் ஆட்கள் அடிபட்டு வந்த செய்திகள் ஒவ்வொன்றாக எட்டின. இங்கிருந்த சிங்களக் குடும்பங்களை லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். புறப்படும் அவசரத்திலும் அவள் ஓடிவந்து புத்தகத்தை என் கையில் வைத்தாள்.

“மிச்சத்தை நீங்கள் படியுங்கோ அக்கா.”

இந்த நேரத்தில் இந்தப் புத்தகம் வீட்டில் எதற்கு என்று சொந்தக்காரர் கேட்டார்கள். சிலர் எரிக்கவும் சொன்னார்கள். வாசிக்கிறது மனுசியின் விருப்பம் என்று கணவர் முடித்துவிட்டார். அவள் எங்கே போனாள், எப்படி இருந்தாள் என்று அதன்பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

கொஞ்சக்காலத்தில் அவர் உத்தியோகத்தை விட்டார். வட்டக்கச்சியில் காணி கிடைத்தது, வயல் செய்தோம். ஒரு மகளும் பிறந்தாள். பின்னேரங்களில் சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, திருநீறு பூசிவிட்டு, நங்கியின் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பேன். சோறு பொங்கும் நேரம்கூட ஆகாது.

பெரிய புயல் அடித்த வருசம் கதிர் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. கணவர் பகல் முழுவதும் வரம்பில் நின்றுவிட்டு வந்தார். கால் கழுவவும் இல்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு, “இண்டைக்கு என்ன வாசிச்சனீர்? எனக்கும் ஒருக்கா வாசியும்” என்றார்.

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழும்பிப் போய்க் காலைக் கழுவிவிட்டு, சோற்றைப் போடச் சொன்னார்.