மீன் வராத கரையில் ஓர் ஐஸ் ஆலை

என் கணவர் குளிர்சாதன மெக்கானிக். கனடாவில், புவாண்ட்-கிளேரில், உறைந்த உணவுகளை அடுக்கி வைக்கும் பெரிய கிடங்கொன்றில் பல வருடங்களாக வேலை செய்தார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஊரில் சமாதானம் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கியபோது, மன்னாருக்கு ஒரு மாத விடுமுறையில் போனார். திரும்பி வந்தவருக்குச் சாப்பாட்டில்கூட மனம் செல்லவில்லை.

"பாரையும் விளைமீனும் வெயிலிலை கிடக்குது. பழுதாப் போடுமெண்டு, வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிமார் யாவாரி கேட்ட விலைக்குக் குடுக்குதுகள். ஒரு ஐஸ் ஆலை இருந்தால் அந்தச் சனம் நிமிர்ந்திடும்."

"ஆர் நடத்துறது?" என்றேன்.

"நான்தான்."

என் அப்பா ஒரு காலத்தில் அரிசி ஆலை போட்டவர். திறந்த வருடமே அது எரிந்தது. அதைச் சொன்னேன்.

"நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுவீர்," என்று சிரித்தார். "இப்ப றோட்டுத் திறந்து கிடக்குது. பஸ் ஓடுது. வங்கி வந்திட்டுது."

எங்கள் தேவாலயப் பங்கிலுள்ள சில குடும்பங்கள் கைகொடுத்தன. மூடப்போகும் ஒரு மீன் பதனிடும் இடத்தில் பழைய ஐஸ் இயந்திரம் கிடைத்தது. கோடை முழுவதும் அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். துறைமுகத்துக்குக் கொண்டெய்னரை ஏற்றிப்போன லொறிச் சாரதி யாழ்ப்பாணத்துப் பெடியன். கதவைப் பூட்டும்போது கேட்டான்:

"அண்ணை, போன கிழமையும் அங்கையிருந்து ரெண்டு குடும்பம் வந்திறங்கியிருக்கு. சனம் வெளிக்கிடுது. நீங்கள் மெஷின் அனுப்புறியள்?"

இவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். லொறி வாசலைக் கடந்து போகும்வரை நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இயந்திரத்துக்குப் பின்னால் அவரும் போனார். ஒரு வருடம் என்று பேச்சு. ஞாயிறு பூசை முடிந்து நானும் மகளும் வீடு வந்ததும் தொலைபேசி அடிக்கும். அங்கே அப்போது இரவு எட்டு மணி. முதல் மாதங்களில் அவர் மூச்சு விடாமல் கதைத்தார். ஐஸ் கட்டி விழும் சத்தத்தைக் கேட்கச் சொல்லி ரிசீவரைத் தூக்கிப் பிடித்தார். புருசன்மாரை இழந்த ஆறு பெண்கள் அங்கே மீன் பொதி செய்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். பள்ளிக்கூடம் தூரம் என்று நின்றுபோன பிள்ளை திரும்பப் போகிறதாம். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வந்து படம் எடுத்து, வாசலில் அபிவிருத்தித் திட்டம் என்று பெரிய பலகை நட்டுவிட்டுப் போனதாம்.

ஒரு வருடம் என்றது வருடக்கணக்காக நீண்டது. பிறகு சமாதானம் ஆட்டங்கண்டு, சின்னச் சின்ன விசயங்கள் மாறின. முதலில், கடலுக்குப் போகும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததாம். அடுத்த ஞாயிறு, டீசல் வரவில்லை என்றார். இன்னொரு ஞாயிறு, சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தன் இரு மகன்களையும் வீட்டை விட்டு வெளியே விடாத ஒரு சம்மாட்டியைப் பற்றிச் சொன்னார். ஆர் பிடிப்பது என்று நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

"அந்த நிறுவனக்காரர் போட்டினம்," என்றார் ஒருநாள். "மூண்டு வாகனத்திலை, விடிய முன்னம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பலகை மட்டும் நிக்குது."

"அப்ப நீங்களும் வாங்கோ."

"வேலைக்கு வாற பொம்பிளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்கு என்னத்தைச் சொல்லுவியள்?"

அவர் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார்.

கடைசி அழைப்பில் அவருடைய குரல் மெதுவாக இருந்தது. மீன் வருவது நின்றுவிட்டது என்றார். ஆனால் இருக்கிற டீசலில் இயந்திரத்தைப் போட்டாராம்.

"மீன் இல்லாமல் ஐஸ் ஆருக்கு?"

"ஆஸ்பத்திரிப் பிரேத அறையிலையிருந்து ட்ராக்டரோடை வந்து கேட்டினம்."

மகள் பக்கத்தில் நின்று தொலைபேசிக்குக் கை நீட்டினாள். அதற்குள் லைன் அறுந்தது.

பிறகு றோட்டு மூடியது. ஒன்பது மாதம் எந்தத் தகவலும் இல்லை. நான் வேலை செய்த கார்டரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும்போதும் காது தொலைபேசியில் இருந்தது. மகள் தகப்பனைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த நாட்களைவிட அது எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து அழைத்தார். கனடிய பாஸ்போர்ட் இருந்ததால் ஆமிக்காரர் விட்டார்கள் என்றார். விமானநிலையத்தில் மகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஆலையின் கூரை விழுந்ததை மட்டும் சொன்னார். அந்த ஆறு பெண்களும் சனத்தோடு சனமாகக் கரையை விட்டு உள்ளே, இன்னும் உள்ளே, நடந்து போனார்களாம். அதற்குமேல் தெரியாது. பழைய கிடங்கு வேலையிலேயே திரும்பச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்த வருடக் கடைசியில் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். கோட் போட்ட ஒருவர் திரையில் அந்தக் கரையின் வரைபடத்தைக் காட்டினார். உல்லாச விடுதி, மீன்பிடித் துறைமுகம், முதலிடுவோருக்கு நல்ல காலம் என்றார். இவர் பின்வரிசையில் எழுந்து நின்றார்.

"அதிலை இருந்த சனம் எங்கை?"

"அதுகளை மெல்ல மெல்லக் குடியேத்துவினம், அண்ணை."

"ஆறு பேற்றை பேர் சொல்லுறன். எழுதுங்கோ."

இவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கோட் போட்டவர் பேனையைக் கையில் வைத்திருந்தார், எழுதவில்லை. முன்வரிசையில் முதலிடுவதற்கான விண்ணப்பப் படிவங்கள் கைமாறத் தொடங்கியிருந்தன.