குப்பத்தில் நான் அடித்த புயல்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் சைடு ரிதம். இதைக் கேட்டதும் சிலர் உதட்டில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குதிரை ஓட வேண்டுமா, இரண்டு கொட்டாங்கச்சி. ரயில் கிளம்ப வேண்டுமா, கட்டையில் ஒட்டிய உப்புத்தாள். கடல் வேண்டுமென்றால் ஒரு பெரிய மூங்கில் முறமும் அரைப்படி காய்ந்த துவரையும். இடிக்கு, கட்டித் தொங்கவிட்ட ஒரு தகரம். காற்றுக்கு என் வாய். எழுபதுகளில் செங்கல்பட்டைச் சுற்றி எத்தனையோ குழுக்கள் இருந்தன. என் புயலைப் போல ஒரு புயலை வேறு எவனும் அடித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

இன்றைக்கு மேடை ஏறுகிற பிள்ளைகள் சிலர் வந்து, "சார், லோக்கல் கச்சேரிக்கு எது சார் முக்கியம்?" என்று கேட்பார்கள். சொல்வேன். கடலோரத்துக்குத் தபேலா கொண்டுபோனால், ஊரிலேயே சுதி சேர்த்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதே. உப்புக்காற்றில் தோல் இறங்கிவிடும், அங்கே போய் மறுபடி சேர். மைக்செட்காரரிடம் வம்பு வளர்க்காதே, உன் மானம் அவர் கையில் இருக்கிறது. விழாக்காரர்கள் அன்பாகப் போடுகிற சாப்பாட்டை வயிறு முட்ட அடித்துவிட்டுப் பாட உட்காராதே. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், அடி வாங்காத குறையாக நான் கற்றுக்கொண்டது அது.

அந்த ஆடி மாதக் கச்சேரிக்குப் புறப்படுகிற காலையில்தான் எங்கள் லீடர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆர்மோனியம் வாசிப்பார், குழுவும் அவருடையது. புதிதாக ஒரு கிடார்காரரைச் சேர்த்திருந்தார். அவரோடு ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது, பீரோவில் பாதி இருக்கும்.

"வேன்ல எடம் இல்லப்பா. பொட்டிய வெச்சா ஒரு சீட்டு போவுது. இந்தக் கச்சேரியோட நீ நின்னுக்க" என்றார்.

"ஒரு பொட்டிக்கோசரம் என்னைய எறக்கறீங்களா?"

"கோச்சிக்காத. நீ பண்றது சத்தம்தானே? அது இல்லாட்டியும் பாட்டு ஓடும்."

சத்தமாம்! முறத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன். கடைசிக் கச்சேரி என்று ஆகிவிட்டது, அந்தக் கடற்கரையே நடுங்குகிற மாதிரி ஒரு புயல் அடித்துக் காட்டிவிட்டுத்தான் இறங்குவது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபேலாக்காரர், கடைத்தெருவில் கட்பீஸ் விற்கும் பாய், திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஒரு பீடியை நீட்டினார். அதையும் வாங்கவில்லை. அவ்வளவு கோபம்.

குப்பத்தில் அம்மன் திருவிழா. அங்கே ராத்திரிக் கச்சேரி கிடையாது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார்கள். அதனால் மூன்றரை மணி வெயிலிலேயே மேடை. பகலில் வாசிப்பது லேசு இல்லை. ராத்திரியில் கூட்டம் வெறும் இருட்டு, பகலில் ஒவ்வொரு முகமும் தெரியும். ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொண்டைகள். பெண்கள் நிறையப் பேர் மணலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள், எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு. நான்கு பாட்டு முடிந்தும் ஒரு கைதட்டல் இல்லை.

லீடருக்கு வேர்த்துவிட்டது. "ஜனம் தூங்குது. படகுப் பாட்ட எடுங்க" என்று பாடகரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ உன் புயல அடி. நல்லா பலமா அடி."

கேட்க வேண்டுமா? நான் அதற்காகத்தானே காத்திருந்தேன். தகரத்தை உலுக்கி இடி இறக்கினேன். முறத்தைச் சாய்த்துச் சாய்த்து அலையை எழுப்பினேன். வாயால் காற்றை ஊளையிட வைத்தேன். கொண்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. ஆகா, மடக்கிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தாள்.

"யோவ், நிறுத்துய்யா! இன்னா சத்தம் அது? நேத்து போன மூணு மரம் இன்னும் கரைக்கு வர்ல. எங்க வூட்டுக்காரரு அதுலதான் கீறாரு. நீ இன்னாடான்னா காத்த கூப்ட்டுகினு கீற?"

முறத்தைக் கீழே வைத்தேன். முந்தின நாள் போன மூன்று கட்டுமரங்கள் திருவிழாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. அம்மன் நாளைத் தள்ளிப்போடக் கூடாது என்று பஞ்சாயத்தார் கச்சேரியை மட்டும் நடக்கவிட்டிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அத்தனை பேர் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத மேதாவிகள் நாங்கள்.

நான்கைந்து ஆண்களும் எழுந்துவிட்டார்கள். லீடர் மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல்லைக் கடித்தபடி என்னிடம், "எல்லாத்தையும் மூட்ட கட்டு. போயி வண்டில குந்து" என்றார்.

அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். "அவரு எங்க போறாரு? கெளப்பிவுட்டது அவருதானே? அடக்கிட்டுப் போவட்டும்."

புயலை அடக்குவதா? அதுவரை நான் புயலைக் கிளப்பத்தான் கிளப்பியிருக்கிறேன். பாட்டு முடிந்தால் சட்டென்று நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைப்பேன். அடக்கியதே இல்லை.

தகரத்தைக் கழற்றி மணலில் போட்டேன். முறத்தை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து, விட்ட வேகத்திலேயே காற்றை மறுபடி பிடித்தேன். நாலு பேர் முறைத்தார்கள். இருந்தாலும் உயரத்தில் இருக்கிற காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கீழே இறக்க முடியும்? இறக்கினேன். துவரையை ஓடவிட்டேன், திருப்பினேன், ஓடவிட்டேன். பாய் தபேலாவின் மேல் கையை மடித்து வைத்துக்கொண்டார். நான் அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"இன்னும் மெதுவா" என்றாள் அவள். "வந்த அலை திரும்பிப் போவ நேரம் எடுக்கும். நீ அவசரப்படற."

எட்டு வருஷமாக என் கடலை யாரும் திருத்தியதில்லை. திருத்துகிற அளவுக்கு யாரும் காது கொடுத்ததில்லை. அவள் சொன்னபடி மெதுவாக்கினேன். அப்போது லீடர் எழுந்து வந்தார். பாடகரின் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் முறத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பிப் போனார். எனக்கென்று மைக் வந்தது அன்றைக்குத்தான். காற்று என் மூச்சளவுக்கு வந்தது. பிறகு அதுவும் நின்றது. கடைசியில் நாலைந்து துவரை மட்டும் முறத்தின் ஓரத்துக்கு உருண்டு போய் நின்றன. கால் மணி நேரம் ஆகியிருக்கும். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

"ம். போதும். இப்போ பாடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் உன்னைப் பார்க்கவில்லையா? சத்தத்தைக் கூட்டாதே. அது எதைப் பார்க்கிறது என்று முதலில் பார். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். அதற்குமேல் நாங்கள் மெதுவான பாட்டுகளாகவே பாடினோம், அதுவும் கடலின் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.

பொழுது சாயப் போகிற நேரத்தில் இரண்டு மரங்கள் தெரிந்தன. கொஞ்சம் பின்னால் மூன்றாவது. எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளும் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். அவை என்னால் வந்தன என்று சொல்கிற அளவுக்கு நான் பைத்தியக்காரன் இல்லை. மொத்தக் கூட்டமும் கரைக்கு ஓடியது. மேடை முன்னால் ஓர் ஆள் இல்லை. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு தபேலாவுக்கு உறை போட ஆரம்பித்தார்.

ஓடினவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மனிதர் நிற்க முடியாமல் நின்றார்.

"அண்ணாத்த, இப்போ போடு உன் புயல! எல்லாரும் கரையில கீறாங்க" என்றாள்.

நான் லீடரைப் பார்த்தேன். அவர் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஆரம்பி" என்றார். "நாங்க உன் பின்னாடியே வர்றோம்."