பாகம் குறிக்காத கடல்பாசி

நான் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். என் மகள் திண்டிவனத்தில் தாவரவியல் படித்தாள். "புல்லு பூண்டைப் படிச்சிட்டு எந்த ஆபீசுக்குப் போவ?" என்று சேர்க்கும்போதே கத்தினேன். அவள் சட்டை செய்யவில்லை. சாயங்காலம் என் பஸ்ஸிலேயே திரும்புவாள். பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை எனக்கு நடத்துவாள்.

ஒருநாள் கடல்பாசிப் பாடம் நடந்தது. "அதுல குட்டிக்குட்டியா காத்துப்பை இருக்குதுப்பா. அதுதான் மேல தூக்கிக்கினு நிக்குது" என்றாள். "நம்ம பஸ் டியூப் மாதிரின்னு சொல்லு" என்றேன். சிரித்துவிட்டு இன்னும் என்னவோ சொன்னாள். விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறியது. டிக்கெட் போட எழுந்து போய்விட்டேன்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவள் இல்லை. இதை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்தபின் அவளுடைய தோழி ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்தாள். "மேடம் கையெழுத்து போட்டுத் தர்றேன்னு சொல்லிக்கிறாங்கப்பா. கடைசிப் படத்துல மட்டும் பாகம் குறிக்கல. நான் எழுதிடட்டுமா?"

"வெச்சிட்டுப் போம்மா. நான் எழுதறேன்."

"உங்களுக்கு…" என்று இழுத்தாள்.

"எம் பொண்ணு எனக்கு எல்லாம் சொல்லிக்கிறா" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

கடல்பாசிப் படம்தான் அது. இருக்கிறதா இல்லையா என்னும்படி மெல்லிய பென்சில் கோடுகள். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, முனையைக் காலியாக விட்டிருந்தாள். பாகம் குறிக்காத படத்துக்கு மார்க் இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். என் மகளுக்கு ஒரு மார்க்கும் குறையக் கூடாது. முதலில் பென்சிலால் காற்றுப்பை என்று எழுதினேன். அப்புறம் தண்டு, இலை. அடியில் ஒரு பாகம் விரல்விரலாகப் பிரிந்து பாறையைப் பற்றியிருந்தது. அதற்கு வேர் என்று எழுதினேன். இடம் போதாமல் எழுத்து படத்தின் மேலேயே ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோழி வந்து பார்த்தாள். வேர் என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள்.

"கடல்பாசிக்கு வேரே கிடையாதுப்பா. அது பற்றுறுப்பு. பாறையைப் பிடிச்சிக்கினு இருக்கும், அவ்ளோதான். சத்தெல்லாம் உடம்பு முழுக்கவே தண்ணியிலேர்ந்து எடுத்துக்கும்." பிறகு மெதுவாக, "இதை பஸ்ல உங்களுக்குச் சொன்னேன்னு சொன்னாளே" என்றாள்.

ரப்பரை எடுத்தேன். நான் எப்போதும் அழுத்தி எழுதுகிறவன். அதனால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. வேர் போனது. அதோடு அவள் வரைந்த அடிப்பாகமும் போனது.

"அதே மாதிரி நான் போட்டுத் தர்றேன்பா" என்று தோழி பென்சிலை எடுத்தாள்.

"வேணாம்மா, விடு" என்றேன். மகள் போன அன்று காய்ச்சலைத் திட்டித் திட்டி அழுதேன். இதற்குத் திட்ட என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.