அடுப்பை விட்டு இறங்கியும் கொதித்த குழம்பு

மாசி மாதம், வியாழக்கிழமை, காலை ஆறு மணி. இராசிபுரத்தில் பஸ் புறப்படும் இடத்தில் நானும் என் கணவரும் நின்றோம். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைப்பது அரிதாகி, பஸ் கரியில் ஓடுகிறது. வண்டியின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, தீயை ஊதும் காற்றாடியின் கைப்பிடியை ஒருவர் அரைமணி நேரம் சுற்றினார். சேலத்துக்குப் பதினேழு மைல், ஆளுக்கு ஏழணா.

நாங்கள் போனது ஒரு சட்டி வாங்க. அதற்கு இவ்வளவு தூரமா என்று கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சமையல் எல்லாம் பித்தளையில்தான். வருஷத்துக்கு இரண்டு முறை ஈயம் பூசுகிறவர் வருவார். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனபின் ஈயம் வருவது நின்றது, அவர் வருவதும் நின்றது. பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் கார்த்திகையில் ஒருநாள் புளிக்குழம்பு வைத்தேன். மிஞ்சியதை அதிலேயே மூடி வைத்து, மறுநாள் என் கணவருக்குப் போட்டேன். பித்தளையின் களிம்பு குழம்பில் இறங்கியிருந்திருக்கிறது. இரண்டு நாள் ஓயாத வாந்தி. மூன்றாம் நாள் கண் திறக்காமல் கிடந்தார். வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போன பிறகு எப்படியோ பிழைத்தார்.

அன்று முதல் அவருக்கு மோரும் சோறும்தான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் குழம்பைக் கண்டால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். பிறகு வாங்கிய மண்சட்டிகள் மூன்றும் என் கை தவறி உடைந்தன.

மல்லூருக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி நின்றது. "கோவிச்சுக்காதீங்க, கரிக்கு மேடு ஏறத் தெரியாதுங்க. எல்லாரும் இறங்கி ஒரு கை கொடுங்க" என்றார் டிரைவர். ஆண்கள் தள்ள, பெண்கள் பின்னால் நடந்தோம்.

ஒன்பதரைக்குச் சேலம். கடைவீதியில் பெரிய பாத்திரக்கடை ஒன்றில் ஏறினோம். அண்டாக்களும் தவலைகளும் கூரைவரை அடுக்கப்பட்டு, காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அவ்வளவு பித்தளையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. அலுமினியம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஏரோப்ளேன் செய்யப் போயிருச்சுங்க அம்மிணி" என்றார் கடைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் சற்று யோசித்தார். "புளிக்குக் கல்சட்டிதானுங்க சரி. என்கிட்ட இருந்ததெல்லாம் வித்துப்போச்சு. ஓமலூருக்கே போயிருங்க. அங்கிருந்து மூணு மைல்ல கல்லுக் கடையறவங்க இருக்கறாங்க."

வியாபாரத்தை விட்டுக்கொடுத்து வழியும் சொன்ன மனிதரை அன்றுதான் கண்டேன்.

ஓமலூருக்கு ஒன்பது மைல். வலப்புறம் சேர்வராயன் மலை நீலமாக நின்றது. அதன் அடியில் கரட்டுக் குன்றுகள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடந்தன. வெள்ளைக்கல் வெட்டும் இடம் என்றார்கள். ஓமலூரிலிருந்து மாட்டுவண்டி. பகல் பன்னிரண்டுக்குக் கல் கடையும் வீட்டை அடைந்தோம்.

கீற்றுக்கொட்டகையில் மாரியப்பன் என்ற நாற்பது வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கல் ஒன்றை அச்சில் பொருத்தியிருந்தார். அவருடைய தம்பி கயிற்றை இழுத்து இழுத்து விட, கல் சுழன்றது. உளியை வைத்தார். கல் அரிசிமாவாக உதிர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் இழையோடு இழை சேர்த்து ஒரு சேலை உண்டாகிறது. இங்கே வேண்டாததை எடுத்துக்கொண்டே போக, கல்லுக்குள்ளிருந்து ஒரு சட்டியின் வயிறு வெளியே வந்தது.

"நகத்துல கீறிப் பாருங்க அம்மிணி" என்றார். கீறினேன். வெள்ளையாகக் கோடு விழுந்தது.

"இது நெருப்பை எப்படித் தாங்கும்?" என்று என் கணவர் கேட்டார்.

"நெருப்புப் படப்படத்தானுங்க இறுகும்."

மாரியப்பனின் மனைவி பழனியம்மாள் எங்கள் கதையை முழுவதும் கேட்டாள். "எங்க ஊட்டுல சாப்பிட்டுத்தான் போகோணும். ஆனா குழம்பு நீங்க வைங்க" என்றாள்.

"வேண்டாமுங்க, என் கை சரியில்லைங்க" என்றேன்.

"சட்டி சரியில்லாததுக்குக் கை என்னங்க பண்ணும்?" என்று, புளி உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

அவள் புழங்கும் கல்சட்டி கன்னங்கரேல் என்று அடுப்பில் இருந்தது. கத்தரிக்காயை வதக்கிப் புளியை ஊற்றினேன். சூடேற வெகுநேரம் பிடித்தது. குழம்பு சுண்டியதும் அவள் சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். கொதி அடங்கவில்லை. கீழே தீயில்லை, புகையில்லை. குழம்பு மட்டும் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. நூறு வரை எண்ணினேன். பிறகு எண்ணத் தோன்றவில்லை. கோயிலில் தீபாராதனையின்போது நிற்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

என் கணவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை போட்டாயிற்று. மோரை எடுக்கக் குனிந்தேன்.

"குழம்பு ஊத்து" என்றார்.

ஊற்றினேன். பிசைந்து, ஒரு வாய் வைத்து, மென்று விழுங்கினார். இரண்டாம் முறை சோறு வாங்கியதும் மறுபடி குழம்பைக் காட்டினார். நான் கை கழுவுவது போலக் கொல்லைப்பக்கம் போய், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு படி கொள்ளும் புதுச்சட்டி ஒன்றைப் பொறுக்கினோம். விலை பதினான்கணா. மாரியப்பன் வைக்கோலில் சுற்றப்போகும்போது பழனியம்மாள் தடுத்தாள்.

"புதுச்சட்டியை உடனே அடுப்புல வெச்சா வெடிச்சுருமுங்க. மஞ்சளும் எண்ணெயும் பூசி, சுடுகஞ்சி ஊத்தி ஊத்திப் பத்து நாள் பழக்கோணும். அதுவரைக்கும் இவரு மறுபடி மோருக்குப் போயிருவாரு." தன் கறுப்புச் சட்டியைக் கழுவித் துடைத்து என்னிடம் நீட்டினாள். "இதைக் கொண்டு போங்க. புதுசை நான் பழக்கிக்கறேன்."

"ஏழு வருஷம் புழங்கின சட்டி" என்று மாரியப்பன் மெல்லச் சொன்னார். தடுக்கவில்லை.

"கல்லு கடையற ஊட்டுல சட்டிக்கா பஞ்சம்? போயிட்டு வாங்க" என்றாள்.

"வாரோமுங்க" என்று சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழி முழுவதும் சட்டி என் மடியில் இருந்தது. ஒரு குழந்தையின் கனம். மல்லூர் மேட்டில் இந்த முறையும் எல்லோரும் இறங்கினார்கள். என்னை மட்டும் டிரைவர் உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை, சட்டியில் முதலில் வெறும் தண்ணீரைக் காய்ச்சினேன். கொதி வந்ததும் பழனியம்மாள் வீட்டு வெந்தய மணம் எங்கள் சமையலறை முழுவதும் எழுந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. அதிலேயே புளியைக் கரைத்தேன்.